உள்ளூர்க் காற்று

முதலில் அது ஒரு பம்பு அறை,
கொடிமலையின் வடக்குத் தோளில்.
பங்களாக்களுக்குத் தண்ணீர் ஏற்றியது.
பம்பு போனபின் பல்லிகள் இருந்தன.
பிறகு நாங்கள்:
ஒரு மழைமானி, இரண்டு மடக்கு நாற்காலி,
மூன்று மாதத்துக்கு மட்டும் என்றொரு ஒப்புதல் கடிதம்.

பதினொரு வருடம் ஆகிறது.

கடிதத்தில் உயர்மலை ஆய்வு நிலையம் என்றிருந்தது.
பனிநாட்டு நிபுணர் வாசலில் நின்று
மலை எங்கே என்று கேட்டார்.
எழுநூற்றுச் சொச்சம் மீட்டர், ஐயா.
உங்கள் ஊரில் இது வாசற்படி.
இங்கே மேகம் கேட்காமல் உள்ளே வரும்,
சர்க்கரை டப்பா ஒரே கல்லாகும்.
மூன்றாம் நாள் அவர் காலணிக்குள் காளான்.
அப்புறம் அவர் மலையைத் தேடவில்லை.

கருவிகள் ஒவ்வொன்றாக ரயிலில் ஏறின,
சுற்றுலாக்காரர்களின் முழங்கால்களுக்கு நடுவே.
கோபுரம் நான்கு துண்டாக ஜீப் பாதையில் வந்தது;
நாலாவது, வளைவில் திரும்ப மறுத்து
இரண்டு நாள் மழையில் கிடந்தது.
இடி ஒரு கணினியைத் தின்றது.
காற்றுமானியின் கிண்ணத்தைப் பிடுங்கிய மந்தி
அதை என்னிடமே நீட்டிவிட்டு
மறுபடி இழுத்துக்கொண்டது.

டாக்டர் ருஸ்னீதா சொல்வார்:
நமக்கு வேண்டியது தூரத்துக் காற்று.
சுமத்ராவில் எரியும் காடு, வங்கக்கடலின் உப்பு,
எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தூசு.
நம் சமையலும் மோட்டார் சைக்கிளும் வெறும் இரைச்சல்.
கோட்டில் ஊர் தெரிந்தால் குறி போட்டுத் தள்ளு.

தள்ளுவது என் வேலை.
கணினி கேட்பது எல். என் கைநோட்டில்
நான் போடுவது உ. உள்ளூர்.
தீபாவளி விடிய விடிய உ உ உ.
ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக்குப் பின்னால்
குப்பை எரிப்பவருக்கு வாரம் ஒரு உ.
அவரிடமே சொன்னேன்.
"மலை மேல வரைக்குமா போவுது?" என்று
பெருமைப்பட்டார்.

ஏழாம் மாதம், சீனர்களின் பேய் மாதம்.
எங்கள் எலக்ட்ரீஷியன் பூன் ஹுவாட் விடுப்பில் இருந்தான்.
அப்பா போய் முதல் வருடம்.
காகித வீடு, காகிதக் கார்,
பிறகு காகிதத்தில் ஒரு மீன்பிடிப் படகு:
நாற்பது வருடம் அடுத்தவன் படகில் போனவர்.
இரவு பதினொன்றுக்கு அடிவாரத்தில் கொளுத்தினார்கள்.

இரவில் மலைக்காற்று இறங்கும்.
புகை பள்ளத்தில் படுத்துக் கிடக்கும்.
வெயில் வந்ததும் சரிவைப் பிடித்துக்கொண்டு
எழுந்து வரும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

ஒன்பது நாற்பதுக்குக் கரித்துகள் கோடு நிமிர்ந்தது.
பதினெட்டு நிமிடம் நின்றது.
அன்று காலைதான் வேலைக்குத் திரும்பியவன்
ஏணியின் பாதியிலிருந்து திரையைப் பார்த்தான்.
"வதனி, அது என்ன?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"படகுதான் கடைசியா எரிஞ்சது" என்றான்.
ஸ்குரூடிரைவரைத் தேடிக்கொண்டு வெளியே போனான்.
அது அவன் கையிலேயே இருந்தது.

எல் தட்டினேன்.
தட்டாமல் எப்படி? உலகத்துக்குப் போகிற கணக்கு.
நோட்டில் உ எழுதும்போதுதான் கவனித்தேன்,
பினாங்கு வீதி மளிகைக்கடையில்
புதுக்கணக்கின் தலையில் முதலில் போடுவதும்
இந்தச் சுழியைத்தான்.

கோட்டில் தள்ளலாம். வடிதாளில் முடியாது.
வாரத்துக்கு ஒரு வட்டம், வெள்ளையாக ஏறி
சாம்பலாக இறங்கும்;
சுமத்ராவும் படகும் அதில் ஒரே நிறம்.
அந்த வாரத்து வட்டத்தை ஐஸ்பெட்டியில் வைத்து
கடைசி ரயிலில் இறங்கினேன்.
பக்கத்தில் நின்றவர் பெட்டியைப் பார்த்துக் கேட்டார்:
"மீனா?"

இல்லை என்று சொல்வதற்குள்
கீழ் ஸ்டேஷன் வந்துவிட்டது.